27.97 எங்கே போயிற்று? சேலத்து வாசகியின் ஹைபிரிட் கேள்விகள்

வாசகியின் கடிதம்:

"சேலத்தில் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன், பெங்களூரை அடுத்த பிடதியில் தயாராகும் 1.5 லிட்டர் ஸ்ட்ராங் ஹைபிரிட் எஸ்யூவி ஒன்றை வாங்கினோம். இதுவரை 16,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கல்லூரிக்குப் போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர் தினமும் நான் ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை சென்னைக்குப் போகும்போது கணவர் ஓட்டுவார். லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஊருக்குள் 23 வருகிறது. சென்னைப் பயணத்தில் 18, 19க்கு மேல் ஏறுவதில்லை. ஊருக்குள் குறைவதும் நெடுஞ்சாலையில் கூடுவதும்தானே வழக்கம்? இதில் தலைகீழாக இருக்கிறதே, ஏதாவது கோளாறா? ஏற்காட்டுக்கு ஏறும்போது எஞ்சின் அலறுகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், இறங்கும்போது, ஆக்சிலரேட்டரில் காலே வைக்காத நேரத்தில், திடீரென்று அலறுகிறது. மாமியாரை உள்ளே உட்கார வைத்து ஏசியைப் போட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போய் வந்தால், எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோடை விடுமுறையில் ஐந்து வாரம் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது வண்டி உயிரில்லாமல் கிடந்தது, கதவுகூடத் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும் வண்டிக்கு ஏன் இந்தக் கதி? சர்வீஸ் சென்டரில் கேட்டால் 'ஹைபிரிட் என்றால் அப்படித்தான் மேடம்' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். 'இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்ததற்குப் பேசாமல் டீசலே வாங்கியிருக்கலாம்' என்கிறார் கணவர். எட்டு வருடத்தில் பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலை வேறு. இதற்கிடையில், சென்னையில் அம்பத்தூரிலிருந்து பெருங்குடிக்கு வேலைக்குப் போய்வரும் என் தம்பி, இதே வண்டியை வாங்கப் போவதாகச் சொல்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் சொல்லியிருப்பவற்றில் எதுவும் கோளாறின் அறிகுறியாக எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரம் நின்றுபோன வண்டியின் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. மற்றவை எல்லாம் வண்டி தன் வேலையைச் சரியாகச் செய்வதன் அடையாளங்கள்தான். அந்த வேலை இன்னதென்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் மனக்குறைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவையே என்பதால், 'அப்படித்தான் மேடம்' என்பதற்குள் அடங்கியிருப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிடதி ஆலையிலிருந்து வரும் இந்த வண்டி 2022ஆம் ஆண்டு முதல் மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் என்று இரண்டு பெயர்களில் விற்கப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினோடு, வண்டியைத் தனியாகவே நகர்த்தக்கூடிய மின் மோட்டாரும் உள்ள ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடலில் இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே இயந்திரம். ஆகவே உங்களுடையது எந்தப் பெயர் தாங்கியது என்று நான் கேட்கப் போவதில்லை. 1,490 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 92 குதிரைத்திறன் தரும். மின் மோட்டார் 80 தரும். இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது கிடைப்பது 116. இந்த எண்களைவிட நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய எண் வேறொன்று இருக்கிறது. இந்த வண்டியின் ஹைபிரிட் பேட்டரியில் கொள்வது 0.76 கிலோவாட் மணி, அதாவது நம் மின் கட்டண அட்டைக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட். வீட்டில் ஒரு சாதாரண மின்விசிறியைப் பத்து மணி நேரம் ஓடவிட்டால் தீர்ந்துபோகும் மின்சாரம் அது. முழு மின்சாரக் கார்களில் முப்பது, நாற்பது யூனிட் பேட்டரிகள் இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'அவ்வளவு பெரிய பேட்டரி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய பேட்டரி இல்லை என்பதிலிருந்துதான் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தொடங்குகிறது.

இந்தப் பேட்டரியை மளிகைக் கடைக்காரரின் கல்லாப்பெட்டியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பணம் சேர்த்து வைப்பதில்லை. வருவதும் போவதுமாக நாள் முழுதும் சில்லறை புழங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் ஐந்து ரோட்டுச் சிக்னலை நெருங்கி பிரேக்கில் கால் வைக்கும்போது, சாதாரணக் காராக இருந்தால், பெட்ரோல் கொடுத்து வாங்கிய வேகம் முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாகி வீணாகப் போகும். உங்கள் வண்டியில் அந்த நேரத்தில் மோட்டார் டைனமோவாக மாறி, அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் போடுகிறது. பச்சை விழுந்ததும் அதே மின்சாரத்தில் வண்டி சத்தமில்லாமல் நகர்கிறது. பெட்ரோல் எஞ்சின் மிக மோசமாகச் செலவழிக்கும் இடம் நிற்பதும் நகர்வதுமான இந்த ஊர்வலம்தான் என்பதால், அந்த இடத்தில் அதை அணைத்து வைத்துவிடுவதே ஹைபிரிடின் ஆதாயம். அஸ்தம்பட்டி வரை போய்வருவதற்குள் நீங்கள் பத்து முறை பிரேக் பிடித்தால், பத்து முறை கல்லாவில் சில்லறை விழுகிறது.

இப்போது உங்கள் கணவர் ஓட்டும் சென்னைச் சாலையைப் பாருங்கள். உளுந்தூர்பேட்டை தாண்டி நான்கு வழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக் பிடிக்கவே வேண்டியதில்லை; பிரேக் பிடிக்காத இடத்தில் திரும்பக் கிடைப்பதற்கும் ஒன்றுமில்லை. அங்கே உங்கள் வண்டி கிட்டத்தட்ட ஒரு சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் கார்தான். அதோடு எஸ்யூவிக்கு உயரமான முகப்பு உண்டு, காற்றை அது மார்பால் முட்டித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. 90 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தடை 110இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். உங்கள் கணவர் எந்த வேகத்தில் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. 18, 19 என்ற கணக்கைப் பார்த்தால் 110க்குக் குறையாது என்று ஊகிக்கிறேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை, 90இல் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டுப் போய்வரச் சொல்லுங்கள். சுமார் 340 கிலோமீட்டர் தொலைவுக்கு, சுங்கச்சாவடிகளையும் காபிக்கு நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரை மணி நேரம் கூடுதலாகும். மைலேஜ் 22ஐத் தொட்டால் எனக்கு வியப்பிருக்காது.

27.97 என்ற எண்ணில் பொய்யில்லை. ஆனால் அது சாலையில் பிறந்த எண்ணும் இல்லை. ஆய்வுக்கூடத்தில், கூரைக்குக் கீழே, உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு, வகுத்து வைத்த ஓர் அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அளப்பது அது. நம் நாட்டின் அந்தச் சோதனையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். ஏசி ஓடாது. ஏற்ற இறக்கம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, மே மாதத்துச் சேலத்து வெயிலும் இல்லை. நின்று நகரும் பகுதிகள் அந்த அட்டவணையில் நிறைய இருப்பதால், இயல்பாகவே ஹைபிரிடுக்கு அது தோதான தேர்வு. எல்லாக் கார்களுக்கும் ஒரே தேர்வு என்பதால், ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும். மாதச் செலவைக் கணக்கிட உதவாது. இதோடு இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்தச் சிறு இழப்பும் உங்கள் மீட்டரில் தெரியும்.

மீட்டர் என்றதும் ஒன்று. திரையில் காட்டும் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறையும் அதே போல நிரப்பி வகுத்துப் பாருங்கள். ஒரு முறை செய்தால் பிழை வரலாம்; மூன்று முறை செய்தால் உண்மை தெரியும். ஊருக்குள் உங்களுக்கு வரும் 23, ஒன்பது கிலோமீட்டர்த் தொலைவுக்கு, நல்ல எண். எஞ்சின் சூடாவதற்கே முதல் இரண்டு கிலோமீட்டர் செலவாகிறது. அதற்குள் உங்கள் பயணத்தில் கால்வாசி முடிந்துவிடுகிறது.

அந்த 23ஐக் கொஞ்சம் கூட்டவும் வழியுண்டு. கட்டாயம் விட வேண்டிய பழக்கம், சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளுவது. கியர் கார் ஓட்டிப் பழகிய நம் எல்லோருக்கும் கை தானாக அங்கே போகும். இந்த வண்டியில் நியூட்ரலில் இருக்கும்வரை ஹைபிரிட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. டி (டிரைவ்) நிலையிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதே சரி. பிறகு, பிரேக்கைக் கடைசி நேரத்தில் அழுத்திப் பிடிக்காமல், சிவப்பு தெரிந்ததுமே மெல்ல மிதிக்கத் தொடங்குங்கள். அழுத்திப் பிடித்தால் சாதாரண பிரேக் குறுக்கே வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். மெல்லப் பிடித்தால் பெரும்பகுதியை மோட்டார் வாங்கிக்கொள்ளும். டாஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சார்ஜ், ஈக்கோ, பவர் என்று மூன்று பகுதிகளாக ஒரு முள் ஆடுகிறதே, அதைப் பதினைந்து நாள் ஓரக்கண்ணால் பார்த்து ஓட்டினால் போதும், கால் தானாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் இவி பொத்தானை அழுத்தி அழுத்தி மின்சாரத்திலேயே ஓட்டப் பார்க்காதீர்கள். அந்த மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். கல்லாவைச் சுரண்டிக் காலி செய்தால், பிறகு எஞ்சின் கூடுதலாக ஓடி நிரப்ப வேண்டும். எப்போது எதை ஓட்டுவது என்பதில் உங்களையும் என்னையும்விட அந்தக் கணினி கெட்டி.

இனி ஏற்காடு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இந்த வண்டியின் சூட்சுமம் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தெரிவதுபோல வேறெங்கும் தெரியாது. ஏறும்போது முதல் சில வளைவுகளுக்குள் பேட்டரியில் இருக்கும் சில்லறை தீர்ந்துபோகிறது. அதன்பின் 116 என்பது காகிதத்தில்தான். வண்டியை இழுப்பது அந்த 92 குதிரைத்திறன் எஞ்சின் மட்டுமே. இதில் கியர்ப்பெட்டி என்று நாம் வழக்கமாகச் சொல்வது கிடையாது. நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றி வரும் பற்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்ற அமைப்பு, எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் பங்கு போடுகிறது. அதனால் எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை வண்டியின் வேகம் தீர்மானிப்பதில்லை, உங்கள் காலின் அழுத்தம் தீர்மானிக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் ஏறி அங்கேயே நிற்கும். காதுக்கு அது வதைபடுவது போலக் கேட்டாலும் எஞ்சினுக்கு அது வதையில்லை. காலை முழுதும் அழுத்தாமல் முக்கால் அழுத்தத்தில் நிறுத்திப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறையும், வேகம் அவ்வளவு குறையாது.

இறங்கும்போது வரும் அலறலுக்கு ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேரும் பைகளுமாக உங்கள் வண்டி சுமார் 1,600 கிலோ. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு உயரத்தில் ஏறக்குறைய 1,200 மீட்டர் இறங்குகிறீர்கள். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஐந்து யூனிட்டுக்கும் மேல். உராய்வில் கொஞ்சம் போனாலும் மீதியைப் போட்டு வைக்க உங்களிடம் இருப்பது முக்கால் யூனிட் பாத்திரம், அதையும் முழுதாக நிரப்பவோ முழுதாகக் காலி செய்யவோ கணினி விடாது. ஆகவே மேலே இருந்து மூன்று நான்கு வளைவுகள் இறங்குவதற்குள் பாத்திரம் வழிகிறது. வழிவதை எங்கே கொட்டுவது? ஜெனரேட்டரைக் கொண்டு எஞ்சினைச் சும்மா வேகமாகச் சுற்ற வைத்து, காற்றை அழுத்தும் அந்த வேலையில் உபரி ஆற்றலைச் செலவழிக்கிறது. நீங்கள் கேட்கும் அலறல் அதுதான். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் பெட்ரோல் போவதில்லை. பழைய வண்டிகளில் மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு எஞ்சின் பிரேக் பிடிப்போமே, அதையே இது தானாகச் செய்கிறது. நீங்களும் உதவலாம்: டிக்குக் கீழே 'பி' (ஆங்கில B; பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஒரு நிலை இருக்கிறதல்லவா, இறக்கம் தொடங்கும்போதே அதில் போட்டுவிடுங்கள். பிரேக் அவ்வளவு சூடாகாது. சமதளத்துக்கு வந்ததும் மறக்காமல் டிக்கு மாற்றிவிடுங்கள். அங்கே பியில் ஓட்டினால் மைலேஜுக்கு நஷ்டம். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது எந்தக் காரிலும் ஆபத்து, இதிலும் ஆபத்துதான்.

மாமியாரை உள்ளே வைத்துவிட்டுப் போனபோது எஞ்சின் தானாக ஓடியதற்கும் அந்த முக்கால் யூனிட்தான் காரணம். இந்த வண்டியின் ஏசி மின்சாரத்தில் ஓடுவதால், எஞ்சின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி நிற்காது. சாதாரணக் காரில் கிடைக்காத சுகம் அது. வெயிலில் நிற்கும் வண்டியைக் குளிர்விக்க ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கும் மேலான வேகத்தில் மின்சாரத்தைக் குடிக்கும் என்பதால், சில நிமிடங்களிலேயே பேட்டரி இறங்கிவிடும். எஞ்சின் எழுந்து நிரப்பிவிட்டு மறுபடி தூங்கும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. எச்சரிக்கை மட்டும் உண்டு. கதவு மூடிய கார் ஷெட்டுக்குள், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரிய வண்டியை விட்டுவைக்காதீர்கள். சத்தமில்லாமல் இருக்கிறதே என்று உள்ளே போய்விடுவீர்கள், சிறிது நேரத்தில் எஞ்சின் தானே எழுந்து ஷெட் முழுதும் நச்சுப்புகையை நிரப்பிவிடும். இன்னொன்று, விடியற்காலையில் தெருவில் வண்டியை எடுக்கும்போது, குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு உங்கள் வண்டி வருவது காதில் விழாமல் போகலாம். ஹாரனுக்கு முன் கண்ணை நம்புங்கள்.

ஐந்து வாரம் நின்ற வண்டியின் கதை ஹைபிரிட் வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்பது. 177.6 வோல்ட் ஹைபிரிட் பேட்டரி தவிர, எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உங்கள் வண்டியில் உண்டு. வண்டியை அணைத்ததும் பாதுகாப்புக்காகப் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும்; அதைத் திரும்ப இணைக்கும் ரிலேவை இயக்க, கணினிகளை எழுப்ப, கதவின் பூட்டைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சின்ன பேட்டரிதான். மொட்டை மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாயைத் திறக்க ஒரு கை வேண்டுமே, அந்தக் கை அது. வண்டி நிற்கும்போதும் சாவியின் சமிக்ஞையை எதிர்பார்த்துச் சில கருவிகள் விழித்திருப்பதால், அது துளித்துளியாக இறங்குகிறது. 'ரெடி' நிலையில் மட்டுமே அதற்குச் சார்ஜ் ஏறும். வெறும் பொத்தானை அழுத்திப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் இறங்குமே தவிர ஏறாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு முறை, திறந்த வெளியில், ஒரு மணி நேரம் ரெடியில் வைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை முழுதாக இறங்கிய பேட்டரி பழைய பலத்துக்கு வராமலும் போகலாம் என்பதால், அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிட வேலை. மறுபடி அப்படி நின்றுவிட்டால், ஸ்மார்ட் கீயின் உடலுக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறக்கலாம். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து எழுப்பவும் செய்யலாம், கையேட்டில் காட்டியிருக்கும் முனைகளில் மட்டும். நேர், எதிர் முனைகளை மாற்றிக் கொடுத்தால் வரும் செலவு உங்கள் பல வருட பெட்ரோல் மிச்சத்தை விழுங்கிவிடும். அதே காரணத்துக்காகப் பக்கத்து வீட்டு வண்டியை எழுப்ப உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள். கேட்பவர் கொஞ்சம் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

எட்டு வருடக் கவலைக்கு வருகிறேன். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. உங்கள் ஓட்டத்துக்கு எட்டு ஆண்டில் ஏறத்தாழ 1,10,000 கிலோமீட்டர்தான் ஆகும் என்பதால் உங்களுக்குக் கணக்கு ஆண்டுதான். உத்தரவாதம் முடியும் நாளில் பேட்டரியும் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மருந்துப் பட்டையில் போட்டிருக்கும் தேதியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1997இல் ஜப்பானில் முதல் பிரியஸ் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து டொயோட்டா ஹைபிரிடுகள் பல நாடுகளில் வாடகைக் காராக ஓயாமல் ஓடியிருக்கின்றன. அந்தக் காலத்து பேட்டரி நிக்கல் வகை, உங்களுடையது லித்தியம் வகை. ஆனால் முழுதாக நிரப்பாமலும் முழுதாகக் காலியாக்காமலும் நடுப்பகுதியிலேயே புழங்க வைத்து ஆயுளைக் கூட்டும் உத்தி இரண்டுக்கும் ஒன்றே. இந்தப் பேட்டரிக்கு எதிரி வெப்பம். அதைக் குளிர்விக்க வண்டிக்குள்ளிருக்கும் காற்றை ஒரு சின்ன விசிறி இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுக்கும் துவாரம் எங்கே என்று கையேட்டில் படத்தோடு இருக்கும், இன்றைக்கே பாருங்கள். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஹைபிரிட் காரை என்னிடம் கொண்டுவந்தார். எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பேட்டரியே போய்விட்டதென்று யாரோ சொல்லி அவர் பாதி நொந்துபோயிருந்தார். பின் இருக்கை முழுதும் துணி மூட்டைகளை அடுக்கிப் போய்வருவது அவர் வழக்கம். துவாரத்தின் வடிகட்டியைக் கழற்றியபோது, பஞ்சு படிந்து படிந்து விரல் தடிமனுக்குக் கம்பளித் துண்டு போல, முழுதாக, உரித்தெடுக்க வந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த வடிகட்டியைத் திறந்து பார்த்தார்களா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எஞ்சினுக்கு ஒன்று, மின் பாகங்களுக்கு ஒன்று என்று கூலன்ட் இரண்டு தனித்தனிப் பாதைகளில் ஓடுகிறது. இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் போகும் தடித்த கேபிள்களில் எலி வாய் வைத்திருப்பதாகத் தெரிந்தால், தெருமுனை எலக்ட்ரீஷியனைத் தொட விடவே கூடாது. உயிர் போகும் மின்னழுத்தம் அது.

டீசல் வாங்கியிருக்கலாம் என்ற உங்கள் கணவரின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. சென்னைப் பயணத்துக்கு மட்டும் என்றால் டீசல் எஸ்யூவி நன்றாகவே செய்திருக்கும். ஆனால் 2020 முதல் பிஎஸ்6 என்ற மாசு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக்கரி வடிகட்டி, நெடுஞ்சாலையில் சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியது. மாதத்தில் இருபத்தைந்து நாள் ஒன்பது கிலோமீட்டர் போய் அணைக்கும் உங்கள் ஓட்டத்தில் அது அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கோடு நீங்கள் எனக்கு வேறொரு கடிதம் எழுதியிருக்கக்கூடும். பணக்கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓட்டம் வருடத்துக்குச் சுமார் 13,700 கிலோமீட்டர். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து 20.5 என்றால் 668 லிட்டர். இதே வண்டியின் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 14.5 கொடுக்கும் என்று வைத்தால் 945 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று கொண்டால் வருடத்துக்கு மிச்சம் ஏறக்குறைய 28,000 ரூபாய்; கூடுதலாகக் கொடுத்த இரண்டு லட்சம் திரும்ப ஏழு வருடம். மிச்சத்துக்காக மட்டும் வாங்கியிருந்தால் அது நல்ல வியாபாரம் என்று நான் சொல்ல மாட்டேன். கிளட்ச் இல்லாத, நெரிசலில் அதிராத, நின்றாலும் ஏசி ஓடும் வண்டி என்பதற்கும் சேர்த்து நீங்கள் விலை போட்டுப் பாருங்கள். விற்றுவிட்டு மாற்றுவது மட்டும் வேண்டாம். முதல் இரண்டு ஆண்டில் வண்டியின் மதிப்பு இறங்கும் நஷ்டத்தை எந்த மைலேஜும் ஈடுகட்டாது.

உங்கள் தம்பியின் கதை வேறு. உங்களுக்குச் சுமாராகப் பொருந்திய வண்டி அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். கத்திப்பாராவிலும் வேளச்சேரியிலும் ஊர்ந்து, நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 1,500 என்று வைத்துக்கொள்வோம். அந்த நெரிசலில் சாதாரண ஆட்டோமேட்டிக் 12 கொடுத்தாலே பெரிது. இது 24 கொடுக்கும். வருடத்துக்கு 750 லிட்டர், அதாவது 75,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். கூடுதல் விலை மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் வாங்குவதற்கு முன் அவர் தன் அடுக்குமாடிச் சங்கத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: தன் பார்க்கிங்கில் சார்ஜிங் வசதி வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்குமா? கிடைக்குமென்றால், தினமும் ஒரே பாதையில் 60 கிலோமீட்டர் போகும் ஒருவருக்கு முழு மின்சாரக் காரே லாபம். யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுத்து ஏழு கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். ஹைபிரிடில் நான்கு ரூபாய்க்கு மேல். அனுமதி கிடைக்காது என்றால், அல்லது ஊருக்கு அடிக்கடி நெடுந்தூரம் ஓடுபவர் என்றால், ஹைபிரிடையே எடுக்கட்டும். காப்பீடு போடும்போது ஹைபிரிட் பேட்டரிக்கும், வெள்ளத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுவதற்கும் தனியாகச் சேர்க்கும் பாதுகாப்பை அவர் விட்டுவிடக் கூடாது. வேளச்சேரி வழியாகப் போகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். சாதாரண மாடலில் 373 லிட்டர் இருக்கும் டிக்கி, ஹைபிரிட் பேட்டரி அடியில் வந்து உட்கார்ந்துகொள்வதால் இந்த மாடலில் 265 லிட்டர்தான். ஷோரூமில் வெறும் டிக்கியைத் திறந்து காட்டும்போது அது தெரியாது. வீட்டில் இருக்கும் பெரிய சூட்கேஸையும், குழந்தை இருந்தால் அதன் தள்ளுவண்டியையும் கையோடு எடுத்துப் போய், விற்பனையாளர் முன்னாலேயே உள்ளே வைத்துக் கதவை மூடிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.